கொளஞ்சியம்மாள் வாங்கிய நம்பர் பூட்டு

கொளஞ்சியம்மாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், நான் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவேன். அப்படிப்பட்ட வாய் அவளுக்கு. அவள் கடைப்படி ஏறுவதைப் பார்த்ததும் எங்கப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைக்கிற சாக்கில் தலை நிமிராமல் இருக்கலாம் அல்லவா. கடைசியில் மாட்டிக்கொள்கிறவள் நான்தான்.

என் பெயர் ஷிரின். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹயாத் பாஷா இரும்புக் கடை எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். ஆணி, தாழ்ப்பாள், கயிறு, மண்வெட்டி, பூட்டு எல்லாம் கிடைக்கும். சரக்கு பாயுடையது, வாய் மகளுடையது என்று பஜாரில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். அப்பா மாதிரி எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கடை என்றைக்கோ காயலான் கடைக்குப் போயிருக்கும்.

கொளஞ்சியம்மாளுக்குத் தச்சூர். கல்யாணமாகி வந்ததிலிருந்து கரும்பு வெட்டினவள். புருஷன் முனியன் கரும்புத் தோட்டத்திலேயே பாம்பு கடித்துச் செத்துப்போனான். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று அரிவாளை வரப்பில் வீசிவிட்டு வந்தவள், எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே டாக்டர் வருவதற்குள் வார்டு, கக்கூஸ் எல்லாம் கழுவி முடித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தச்சூரிலிருந்து பஸ்ஸும் கிடையாது, ஷேர் ஆட்டோவும் கிடையாது. இத்தனைக்கும் மகன் தமிழ்வேந்தன் ஓட்டுவதே ஷேர் ஆட்டோதான். ஆனால் துரை எழுந்து பல் விளக்கி முடிக்கும்போது ஆஸ்பத்திரி கேன்டீனில் இட்லியே தீர்ந்திருக்கும்.

அதனால் சைக்கிள் கற்றுக்கொண்டாள். நாற்பது தாண்டின பிறகு, மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளை ஏரிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய், யாரும் பிடித்துக்கொள்ளாமல் தானே கற்றுக்கொண்டாள். கருவேல முள்ளில் விழுந்து எழுந்து, மறுபடியும் அதே முள்ளில் விழுந்தாளாம். பார்த்தவர்கள் சிரித்தார்களாம். சிரித்தவர்கள் பேரை ஒன்று விடாமல் இன்றைக்கும் சொல்வாள். சொல்லிச் சொல்லித் திட்டுவாள். அதில் இரண்டு பேர் செத்தே போய்விட்டார்கள், அவர்களையும் விடமாட்டாள்.

அந்த இலவச சைக்கிள் ஒருநாள் ஆஸ்பத்திரிச் சுவரோரம் வைத்த இடத்தில் இல்லை. அப்புறம் பழைய வண்டி ஒன்று வாங்கினாள். அதுவும் போனது. துப்புரவுக்காரர்களின் வண்டியை ஆஸ்பத்திரி கேட்டுக்குள் விடமாட்டார்கள், வெளியே இரும்புத் தூண் பக்கம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வண்டி போன ஒவ்வொரு தடவையும் நடந்து வந்து தாமதமாகப் போனதில், சூப்பர்வைசர் அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாளாம். இன்னொரு தடவை சைக்கிள் காணோம் என்று கதை விட்டால் கணக்கை முடித்துக்கொண்டு போய்க்கொண்டே இரு என்று. பிறகு கொளஞ்சியம்மாள் சீட்டு எடுத்து ஒரு புது லேடீஸ் சைக்கிள் வாங்கினாள். அதற்குப் பூட்டு வாங்கத்தான் எங்கள் கடைக்கு வந்தாள். இந்த வண்டி போனால் வேலை போகும், வேலை போனால் வீசிவிட்டு வந்த அரிவாளைத் தேடிக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். பாவம்தான். அதற்காக என் உயிரை எடுக்க வேண்டுமா?

வந்து நின்றதுமே ஆரம்பித்தாள்.

"தா பொண்ணு, திருட முடியாத பூட்டு ஒண்ணு எடு."

"அப்படி ஒண்ணு இல்லக்கா. திருடுறதுக்கு நேரமாவுற பூட்டுதான் இருக்கு."

"விக்கிறவளே இப்படிச் சொன்னா எவன் வாங்குவான்?" என்று அப்பாவைப் பார்த்தாள். அப்பா கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

பின் சக்கரத்தில் மாட்டுகிற வளையப் பூட்டை எடுத்துப் போட்டேன். அதைத் தொடவே இல்லை. "இது எட்டி ஒதைச்சா வாயப் பொளக்கும். மொத வண்டிக்கு இதான் போட்டேன். இத வெச்சிக்கினு நீயே அழகு பாரு" என்றாள். அடுத்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் பூட்டைக் கொடுத்தேன். வளைத்துப் பார்த்தாள், கடித்துப் பார்த்தாள். சத்தியமாகக் கடித்துப் பார்த்தாள். அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் தொங்கிய கட்டர் அவள் கண்ணில் பட்டது.

"அது இன்னாது, செவப்புப் புடி போட்டது?"

"கம்பி வெட்டுறது."

"இந்த ஒயர வெட்டுமா?"

நான் ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

"பூட்டும் நீயே விக்கிற, அத வெட்டுறதும் நீயே விக்கிற. ரெண்டு பக்கமும் உங்களுக்குத்தான் யாவாரம். நல்லா இருக்குது உங்க நாயம்" என்றாள். கடையில் நின்ற மற்றவர்கள் சிரித்தார்கள். "வெட்டிக் காட்டு. வெட்டுப்படாதத நான் எடுத்துக்கறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்பாதான், "வெட்டிக் காட்டும்மா, கேக்குறாங்க இல்ல" என்றார். அவர் வீட்டுச் சொத்து, அவர் வெட்டச் சொல்கிறார். கட்டரை எடுத்து வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். முருங்கைக்காய் மாதிரி இரண்டு துண்டாக விழுந்தது ஒயர். புதுப் பூட்டு. நஷ்டம் எங்களுக்கு. அவளோ, "பாத்தியா, நான் சொல்லல" என்று கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

பிறகு கெட்டிச் செயினை எடுத்தேன். கட்டர் அதில் பல் பதித்ததோடு சரி. அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தபோது முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் உடனே குறை கண்டுபிடித்தாள்.

"சாவி போட்டது வேணாம். வார்டு கழுவுறப்ப முந்தானைய இடுப்புல சொருவிக்கணும், அவங்க குடுக்குற கோட்டுல பையி கெடையாது. சாவி சாக்கடையில போச்சுன்னா ஒன் அப்பன் வந்து எடுப்பானா?"

எங்கப்பா இன்னும் வேகமாகக் கண்ணாடி துடைத்தார். அதே செயினில் நம்பர் பூட்டு இருந்தது. நாலு உருளை, நாலு எண். நாமே வைத்துக்கொள்ளலாம். எப்படித் திருப்புவது, எப்படி எண்ணை மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்தேன். கொளஞ்சியம்மாளுக்கு எழுத்து வராது, எண் தெரியும். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, முந்தானையைப் பூட்டின் மேல் போர்த்தி, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் மாதிரி உள்ளுக்குள்ளேயே திருப்பினாள். அந்த நடிப்பைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

"ஆயிரத்தொண்ணுதானே?" என்றேன்.

அவள் அப்படியே நின்றாள். திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. இந்த ஊரில் மொய் எழுதினால் நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று. கடைசியில் ஒன்று சேர்க்காமல் பூஜ்யத்தில் முடித்தால் அது மொய்யே இல்லை, சாபம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் கையில் நாலு உருளையைக் கொடுத்தால் விரல் தானாக ஆயிரத்தொன்றுக்குப் போகும். எங்கள் ஆட்கள் வாங்கினால் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு எழுநூற்று எண்பத்தாறு. நம்பர் பூட்டு விற்கிற எனக்கு இது தெரியும். திருடுகிறவனும் இதே ஊர்க்காரன்தானே, அவனுக்கு மட்டும் தெரியாதா?

"நீ எட்டிப் பாத்த" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"கண்ண மூடிக்கிறேன். வேற வை."

மறுபடியும் முந்தானைக்குள் திருப்பினாள். நான் கண்ணை மூடிக்கொண்டே, "அய்யாயிரத்தொண்ணு" என்றேன்.

கடையில் சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "பேய் புடிச்ச பொண்ணா வளத்து வெச்சிருக்கீங்க பாய்" என்றாள் அப்பாவிடம்.

"யக்கா, சண்டை வேணாம். மொய்க்கணக்கு வேணாம், பொறந்த வருஷம் வேணாம். யாருக்கும் தோணாத நம்பரா ஒண்ணு யோசிச்சு வை. பூட்டுறப்ப செயினப் பின் சக்கரத்துலயும் சட்டத்துலயும் கோத்து, இரும்புத் தூணையும் சேத்துக் கட்டு. பூட்டு தரையில படாமப் பாத்துக்க. தரையில கெடந்தா சுத்தியலால அடிக்க அவனுக்கு வசதி."

அதைக் கேட்டுக்கொண்டாள். தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர்ப்புறம் ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும் இடத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, சட்டென்று நாலு எண்ணையும் வைத்துப் பூட்டினாள்.

"இப்ப சொல்லு" என்றாள்.

"தெரியல."

"இத்தினி நேரம் தெரிஞ்சுது, இப்ப மட்டும் எப்படித் தெரியாமப் போவும்? தெரிஞ்சிக்கினே சொல்ல மாட்டேங்கிற."

சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். "எடுத்துக்கினு போறியா, வெச்சுட்டுப் போறியா?" என்று கேட்டேன். எடுத்துக்கொண்டு போனாள். வெட்டிப் போட்ட ஒயர்த் துண்டையும் விடவில்லை, துணி காயப்போட ஆகும் என்று சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் காலை. அப்பா கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் வாசலில் மண்வெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து ஒரு கூச்சல் வந்தது. பார்த்தால் கொளஞ்சியம்மாள் ஆஸ்பத்திரி கோட்டோடு வருகிறாள். கையில் அந்தச் செயின். பின்னால் டீக்கடைக்காரர், பூக்காரி, வேலைக்குப் போகாமல் வேடிக்கை பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கிற பத்துப் பேர்.

"யோவ் பாய், உன் பொண்ணக் கூப்புடு" என்றாள். வாங்க போங்க எல்லாம் போய்விட்டது. "என் வண்டி எங்கன்னு அவளக் கேளு."

அப்பா ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். விஷயம் இதுதான். காலையில் வந்து வண்டியைத் தூணோடு பூட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். குப்பை கொட்ட வெளியே வந்தபோது வண்டி இல்லை. பூட்டு மட்டும் தூணில் திறந்தபடி தொங்கியிருக்கிறது. அறுக்கவில்லை, நெம்பவில்லை, எண் வைத்துத் திறந்திருக்கிறார்கள்.

"நம்பரு எனக்கும் என் உசுருக்கும் மட்டுந்தான் தெரியும். மூணாவதா இவளுக்குத் தெரியும். மனசுல நெனைச்சத அப்படியே சொல்றா, நான் பாத்தேன், இந்தக் கடையில நின்ன அத்தினி பேரும் பாத்தாங்க. பூட்டு விக்கிறது, பின்னாலயே ஆள வுட்டுத் தொறக்கறது. எத்தினி நாளா நடக்குது இந்த யாவாரம்?"

"நாக்க அடக்கிப் பேசு" என்றேன். என் குரல் ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தம்.

"அடக்குறேன். வண்டியக் குடு, அடக்குறேன்."

கூட்டத்தில் எவனோ ஒருத்தன், "இவங்களை நம்பி எவன் பூட்டு வாங்கச் சொன்னது" என்றான். யாரென்று தெரியவில்லை. அந்த 'இவங்க' எனக்குப் புதிதில்லை. கடையில் நூறு பேர் சிரித்துப் பேசி சாமான் வாங்கிப் போவார்கள், தகராறு என்று ஒன்று வந்தால் அந்தச் சொல் எங்கிருந்தோ கிளம்பி வந்துவிடும். அப்பா அதைக் கேட்டார். ஊதுபத்தியைச் செருகிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "போலீஸக் கூப்பிடுங்கம்மா, நான் எங்கயும் போவல" என்று மெதுவாகச் சொன்னார். கண்ணாடியைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு அப்போது அவளைக் கட்டரால் இரண்டாக வெட்டலாம் போல இருந்தது.

"அந்தப் பூட்டக் குடு இங்க" என்று அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

நம்பர் பூட்டைத் திறந்தவன் உருளைகளைக் கலைத்துவிட்டுப் போக வேண்டும். கலைக்காவிட்டால் திறந்த எண் அப்படியே நிற்கும். இவன் கலைக்கவில்லை. இவளும் ஆத்திரத்தில் எதையும் தொடவில்லை. நான் தெருவுக்கே கேட்கிற மாதிரிப் படித்தேன்.

"மூணு, நாலு, ஏழு, எட்டு. இதானே உன் நம்பர்?"

கொளஞ்சியம்மாள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். பச்சமுத்து. எதிர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். "யக்கோவ், இது உன் மவன் ஆட்டோ நம்பராச்சே. முன்னால எழுதியிருக்குது, பின்னால எழுதியிருக்குது, போதாதுன்னு சைடுல வேற எழுதியிருக்குது. இதையா ரகசியம்னு பூட்டுல வெச்ச? கள்ளக்குறிச்சிக்கே தெரியுமே."

கூட்டம் முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தேன். ஏன் சிரிக்கக் கூடாது? எங்கப்பனைத் தெருவில் நிற்க வைத்தவள்தானே. உலகத்தில் எத்தனையோ எண் இருக்க, பெற்ற பிள்ளை வண்டி எண்தான் அவள் உசுருக்குத் தெரிந்த எண்ணாம்.

அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "ஊருக்கே தெரியும்னா ஊர்ல எவன் வேணா எடுத்திருப்பான்" என்றாள்.

"அப்ப எங்கள மட்டும் எதுக்குத் திருடன்ன? ஊர்ல எல்லார் வூட்டு முன்னாலயும் போய்க் கத்திட்டு வா."

பச்சமுத்துவின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிட்டது. தலையைச் சொறிந்தான். "யக்கா, உன் வண்டி ஊதாக் கலரா? முன்னால கூடை வெச்சதா?"

"ஆமா."

"எப்பவும் இல்லாத அதிசயமா, விடிஞ்சும் விடியாம கச்சிராயபாளையம் ரோட்டுல தமிழு எதிர்ல வந்தான். ஆட்டோ மேல ஊதா லேடீஸ் சைக்கிள் ஒண்ணக் கட்டிக்கினு போனான். சவாரிக்காரங்க லக்கேஜுன்னு நெனைச்சேன்."

தெருவில் அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. எதிர் ஸ்டாண்டில் மூணு நாலு ஏழு எட்டு நின்றுகொண்டிருந்தது. எப்போது திரும்பி வந்தானோ தெரியாது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் இறங்கி வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் கனத்த காப்பு. அம்மாவின் கையைப் பிடித்தான்.

"வா வூட்டுக்கு. ரோட்ல நின்னுக்கினு மானத்த வாங்காத."

கொளஞ்சியம்மாள் கையை உருவிக்கொண்டாள். "நீயா எடுத்த?"

"வூட்ல பேசிக்கலாம்."

"இங்க சொல்லு. இங்கதான் இவங்களத் திருடன்னு சொன்னேன். இங்கயே சொல்லு."

அவனுக்கும் அவள் வாய்தானே. திறந்துகொண்டது. "ஆமா, நான்தான் எடுத்தேன். இன்னா இப்ப? பொண்ணு வூட்ல இன்னா கேக்குறாங்க தெரியுமா? மாப்ள அம்மா கக்கூஸ் கழுவுறாங்களாமே, கோட்டப் போட்டுக்கினு சைக்கிள் மிதிச்சுக்கினு போறாங்களாமே, எங்க ஊர் ஆளு பாத்தாங்களேன்னு கேக்குறாங்க. எம்மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது? வேலைய வுடு வுடுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? வுட்டியா? வண்டி இல்லன்னா தானா வுட்டுடுவன்னு பாத்தேன்."

"அந்த ரெண்டு வண்டி?"

"மொத வண்டி என்னுது. இஸ்கூல்ல எனக்குத்தானே குடுத்தாங்க."

"ரெண்டாவது?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு, "மலைக்கு ஏத்தியாச்சு. வெள்ளிமலையில ஒருத்தன் வாங்கிக்கினான்" என்றான்.

"இது?"

"கச்சிராயபாளையத்துல டெம்போ ஸ்டாண்டுல கெடக்குது. சாயங்காலம் டெம்போ வந்தா அதுவும் மலைக்குப் போயிடும். வுடேம்மா. கண்ணாலம் ஆவட்டும், உக்கார வெச்சு சோறு போடுறேன், இனிமே உனக்கு எதுக்கு சைக்கிளு?"

கொளஞ்சியம்மாள் அழுவாள் என்று நினைத்தேன். பூக்காரி அழத் தயாராகவே நின்றாள். கொளஞ்சியம்மாள் அழவில்லை. எதிரே நின்ற அவன் ஆட்டோவைக் கைநீட்டிக் காட்டினாள்.

"முன் கண்ணாடியில அன்னையின் ஆசின்னு எழுதி வெச்சிருக்கியாமே. இஸ்டிக்கரு நான் வாங்கிக் குடுத்ததுன்னு ஊர்ல சொல்லிக்கினு திரியறியாமே. மொதல்ல அத சொரண்டு. சொரண்டிட்டு அப்பறம் சோறு போடு."

பிறகு பச்சமுத்துவைப் பார்த்தாள். "கச்சிராயபாளையம் போவியா?"

தமிழ்வேந்தன், "நானே கொண்டு போய் வுடுறேன், ஏறு" என்றான். அவள் காதில் வாங்கவில்லை. பச்சமுத்துவின் ஆட்டோவில், காசு கொடுத்து ஏறுகிற சவாரி மாதிரி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. எங்கப்பாவையோ என்னையோ பார்த்து ஒரு வார்த்தை, மன்னிச்சிக்கோ பாய், தப்பாப் பேசிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை வந்ததா? வரவில்லை. மகன் திருடினான் என்று தெரிந்தால் நாங்கள் திருடவில்லை என்று நாங்களே புரிந்துகொள்ள வேண்டும் போல.

அன்றைக்கு அப்பா மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. என்ன கேட்டாலும் ஒன்றுமில்லம்மா என்றார். காலையில் நடந்தது பாதி தெரிந்தவர்கள் வந்து, "பாய் கடையில இன்னாமோ போலீஸ் வந்துச்சாமே" என்று கேட்டுப் போனார்கள். மீதிப் பாதியை நான் ஒவ்வொருத்தருக்கும் நிற்க வைத்துச் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது. வெயில் சாய்ந்த பிறகு வாசலில் மண்வெட்டிகளை உள்ளே எடுத்துவைக்கும்போது பார்த்தேன். கச்சிராயபாளையம் ரோட்டிலிருந்து ஊதா சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிறாள். அத்தனை தூரத்தையும் மிதித்தே வந்திருக்கிறாள். சேலையெல்லாம் புழுதி. ஆட்டோ ஸ்டாண்டுக்கு முன்னால் வந்ததும் பெல்லை அடித்தாள். முன்னால் ஆளும் இல்லை, மாடும் இல்லை. சும்மா அடித்தாள். அடித்துக்கொண்டே தாண்டிப் போனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக எங்கள் கடைக்கு வந்தாள். வண்டியைக் கடைப்படியில் இடிக்கிற மாதிரி நிறுத்தினாள். அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"வேலை இருக்குதா, போச்சா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"இருக்குது. அந்த சூப்பர்வைசரு கத்துனா, நானும் கத்துனேன். செயின் எடு."

"திருட்டுக் கடையில எதுக்கு வாங்குற? பஜார்ல வேற கடையா இல்ல?"

"இருக்குது. அவன் கட்டர வெச்சிக் காட்ட மாட்டேங்கிறான்."

"மொதல்ல எங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேளு. அப்பறம் செயினு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கண்ணாடியை இன்னும் குனிந்து துடைத்தார். "பாய்" என்றாள். அவர் நிமிர்ந்தார். "நேத்து பேசுனது பேசுனதுதான். வாய்க்கு வந்துச்சு, பேசிட்டேன். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க." வாங்க போங்க திரும்பி வந்துவிட்டது, அவ்வளவுதான். இதுவும் ஒரு மன்னிப்பா? ஆனால் அப்பா, "பரவால்லம்மா, வுடுங்க" என்று சொல்லிவிட்டு, "இருக்கறதுலயே நல்லதா எடுத்துக் குடு ஷிரின்" என்றார். இப்படி ஒரு மனுஷன். இவரை வைத்துக்கொண்டு நான் யாரிடம் நியாயம் கேட்பது?

"நம்பர் பூட்டு வேணுமா?"

"வேணாம். எனக்கு வேற நம்பரு தெரியாது."

கடையில் இருந்ததிலேயே கனமான செயினை எடுத்தேன். பூட்டின் கொண்டி என் கட்டைவிரல் தடிமன் இருக்கும். வேண்டுமென்றே மட்டமானதைக் கொடுத்தாலென்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கொடுக்கவில்லை. அவள் கேட்பதற்கு முன்பே கட்டரை வைத்து அழுத்திக் காட்டினேன். அவளும் ஒரு தடவை தன் கையால் அழுத்திப் பார்த்தாள். கரும்பு வெட்டின கை, அதற்கே அசையவில்லை.

"சாவி சாக்கடையில விழும்னு சொன்னியே?"

"கழுத்துல கயித்துல மாட்டிக்கறேன்."

சாவி வளையத்தை எடுத்து நீட்டினேன். இரண்டு சாவி. அவள் வளையத்தை நகத்தால் பிரித்து ஒன்றைக் கழற்றினாள். அதைக் கல்லாவின் மேல் வைத்து என் பக்கமாகத் தள்ளினாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"யக்கா, சாவிய வெச்சிட்டுப் போற."

"அது இங்கயே கெடக்கட்டும்."

"இது இன்னா உன் சாவி வெக்கிற கடையா? கொண்டுபோய் வூட்ல வை."

வண்டியின் ஸ்டாண்டைத் தள்ளியவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வூட்ல வெக்க எடம் இல்ல" என்றாள்.

சாவியை எடுத்துக்கொண்டேன்.